எப்போது பாட ஆரம்பிப்பார்கள்? போஸ்ட்-ராக் பற்றி வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரம்பூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சிலர் கூடி, ஒரு ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை கேட்கிறோம். வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் என்று பல பக்கங்களிலிருந்தும் வருகிறார்கள். பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். சில சமயம் அவர்களுடைய அப்பாக்களும் தாத்தாக்களும். கேட்பது பெரும்பாலும் போஸ்ட்-ராக். புதிதாக வருகிறவர்களின் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

அக்கா, போஸ்ட்-ராக் என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ராக் குழுவிடம் இருக்கும் அதே கிட்டார், தாழ்ந்த ஓசை தரும் பேஸ் கிட்டார், டிரம்ஸ்தான். ஆனால் பல்லவி, சரணம், நடுவில் ஒரு கிட்டார் தனி என்ற ராக் பாட்டின் அமைப்பு இங்கே கிடையாது. பாடகர் முன்னால் நிற்க, மற்றவர்கள் பின்னால் துணை வாசிக்கும் ஏற்பாடும் அநேகமாகக் கிடையாது.

இந்த இசை இரண்டு விஷயங்களில் கவனம் வைக்கிறது. ஒன்று, ஓசையின் நிறம். ஒரே ஸ்வரத்தைக் கிட்டாரில் மீட்டினால் ஒரு நிறம், வில்லால் இழுத்தால் வேறு நிறம், எதிரொலிப் பெடல் (காலால் அழுத்தி இயக்கும், ஓசையை மாற்றும் சிறு மின்கருவி) வழியாக அனுப்பினால் இன்னொரு நிறம். மற்றொன்று, நேரம். ஒரு சின்ன மெட்டு பத்து நிமிடத்துக்குள் எப்படியெல்லாம் மாறுகிறது என்பதே பல பாட்டுகளின் மொத்தக் கதை. கீழே வரும் பதில்களில் பல இந்த இரண்டையும் சுற்றியே வரும்.

எப்போது பாட ஆரம்பிப்பார்கள்?

அநேகமாகப் பாட மாட்டார்கள். டெக்சஸ் குழுவான எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் தி ஸ்கை, டோக்கியோ குழுவான மோனோ ஆகியோரிடம் குரல் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் இது சட்டம் அல்ல. ஐஸ்லாந்தின் சிகுர் ரோஸ் குழுவில் யோன்சி உச்சஸ்தாயியில் பாடுகிறார். 2002இல் வந்த அவர்களின் ஆல்பம் முழுவதும் எந்த அகராதியிலும் இல்லாத, இசைக்காகவே உண்டாக்கிய ஒலிகளால் பாடப்பட்டது. அமெரிக்காவின் ஸ்லின்ட் குழுவில் குரல் பெரும்பாலும் கதை சொல்வதுபோலப் பேசுகிறது.

கனடாவின் மாண்ட்ரியல் நகரத்துக் குழுவான காட்ஸ்பீட் யூ பிளாக் எம்பரர், பதிவுசெய்த மனிதப் பேச்சை இசைக்குள் வைக்கிறது. 2000இல் வெளியான அவர்களது இரட்டை இசைத்தட்டில் ஒரு முதியவர் நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரையைப் பற்றிப் பேசுவார். அந்த நாளில் மக்கள் அங்கே மணலிலேயே படுத்து உறங்கினார்கள், இப்போது யாரும் உறங்குவதில்லை என்பார். காசிமேட்டுப் பெரியவர் ஒருவர் பேரனோடு வந்திருந்தபோது அந்தப் பேச்சைத் தமிழில் சொன்னேன். "எங்களுக்கும் அப்படித்தான் அம்மா. கோடை வந்தால் வீட்டுக்குள் யார் படுத்தார்கள்?" என்றார். அதன்பின் வந்த நீண்ட இசையை இடத்தைவிட்டு எழாமல் கேட்டார்.

இந்தப் பெயரை வைத்தது யார்?

ஆங்கிலேய விமர்சகர் சைமன் ரெனால்ட்ஸ். 1994இல் லண்டன் குழுவான பார்க் சைக்கோசிஸின் ஆல்பத்துக்கு எழுதிய மதிப்புரையில் பயன்படுத்தினார். அதே ஆண்டு ஒரு நீண்ட கட்டுரையில் விளக்கினார். இந்த வகையில் சேர்க்கப்படும் கலைஞர்களில் பலருக்கு இந்தப் பெயர் பிடிக்காது. அதனால் இந்தக் குழு போஸ்ட்-ராக்கா இல்லையா என்ற வாதத்தில் எங்கள் அறையில் யாரும் நேரம் செலவிடுவதில்லை.

இந்த இசை எங்கிருந்து வந்தது?

ஒரே ஊரிலிருந்து வரவில்லை. 1970களின் ஜெர்மனியில் கேன், நோய் போன்ற குழுக்கள் ஒரே தாளத்தை நீண்ட நேரம் விடாமல் ஓட்டிக் காட்டியிருந்தன. லண்டனில் டாக் டாக் என்ற குழு சின்தசைசர் பாப் பாட்டுகளால் புகழ்பெற்றிருந்தது. அந்தப் பாதையை விட்டுவிட்டு, இருட்டாக்கிய ஒலிப்பதிவுக் கூடத்தில் பல கலைஞர்களை மணிக்கணக்கில் தோன்றியதை வாசிக்கவைத்து, அதிலிருந்து சிறு சிறு துண்டுகளை எடுத்துக் கோத்து 1988இல் ஒரு ஆல்பம் தந்தது. இது விற்காத சரக்கு என்று அவர்களுடைய நிறுவனமே வழக்குப் போட்டது, வழக்கு நிற்கவில்லை. குழு 1991இல் இன்னும் அமைதியான ஒன்றைச் செய்துவிட்டுக் கலைந்தது. அதன் தலைவர் மார்க் ஹாலிஸ் 2019இல் காலமானார்.

அதே 1991இல்தான் அமெரிக்காவின் லூயிவில் நகரத்து ஸ்லின்ட் குழுவின் இரண்டாவது ஆல்பமும் வந்தது. மிகச் சில நாட்களில் பதிவுசெய்தது. வெளியாகும்போது குழுவே இல்லை. கிசுகிசுப்புக்கும் கூச்சலுக்கும் இடையிலுள்ள தூரத்தை ஒரு பாட்டுக்குள் எப்படி வைப்பது என்பதைப் பின்னால் வந்தவர்கள் அந்த இளைஞர்களிடம் கற்றார்கள். சிகாகோவில் டார்ட்டஸ், கிளாஸ்கோவில் மொக்வாய், மாண்ட்ரியலில் காட்ஸ்பீட், ரெய்க்யவிக்கில் சிகுர் ரோஸ் எல்லாம் 1990களில் தோன்றியவை.

ஏனம்மா, ஒரு பாட்டு எதற்கு இருபது நிமிடம் ஓடுகிறது?

ஐ.சி.எஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் கேட்ட கேள்வி. பாட்டு என்றால் மூன்று நான்கு நிமிடம் என்பது பழைய இசைத்தட்டு நமக்கு ஏற்படுத்திய பழக்கம் என்று அவரிடம் சொன்னேன். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடிய தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் பிடிக்கும். நம் ஊர் வித்வான்களும் கிராமபோன் கம்பெனிக்காகக் கீர்த்தனைகளைச் சுருக்கித்தான் பாடினார்கள். பிறகு வந்த நீண்ட தட்டில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் பிடித்தது. மேலே சொன்ன காட்ஸ்பீட் இரட்டைத் தட்டில் நான்கு பக்கங்கள், நான்கே பாட்டுகள்.

காதின் பக்கமிருந்தும் ஒரு காரணம் உண்டு. சத்தம் பெரிதா சிறிதா என்பதை, சற்று முன் கேட்டதோடு ஒப்பிட்டே நாம் உணர்கிறோம். எட்டு நிமிடம் மெல்லிய ஓசையில் பழகிய காதுக்கு ஒரு பேஸ் கிட்டார் உள்ளே வருவதே பெரிய நிகழ்ச்சியாகிவிடும். மூன்று நிமிடப் பாட்டில் அந்தப் பழக்கம் ஏற்பட நேரமில்லை.

எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

முதலில் எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் தி ஸ்கை 2003இல் வெளியிட்ட ஆல்பம். மெட்டுகள் தெளிவானவை, கிட்டார்கள் ஒன்றுக்கொன்று பதில் சொல்வது எளிதாகக் காதில் விழும். அடுத்து சிகுர் ரோஸின் 1999 ஆல்பம். அதன்பின் மொக்வாயின் 1997 ஆல்பம், காட்ஸ்பீடின் 2000 ஆல்பம். இவை பழகியபின் டார்ட்டஸின் 1996 ஆல்பத்துக்கும் டாக் டாக்கின் 1991 ஆல்பத்துக்கும் வாருங்கள். இந்தக் கடைசி இரண்டையும்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன். ஆனால் எடுத்தவுடனே இவற்றைக் கேட்ட பலர் ஒன்றும் நடக்கவில்லையே என்று போய்விட்டார்கள்.

தொகுப்புப் பட்டியல்களைத் தவிருங்கள். படிப்பதற்கு, தூங்குவதற்கு என்று யாரோ சேர்த்துவைத்த பட்டியல்களில் ஒவ்வொரு ஆல்பத்திலும் மிக இனிமையான ஐந்து நிமிடம் மட்டும் இருக்கும். அந்த ஐந்து நிமிடம் இனிமையாக இருப்பதற்கு அதற்கு முந்தைய பத்து நிமிடம்தான் காரணம்.

மொபைலில் அப்படியே கேட்டால் போதாதா? விலை உயர்ந்த ஹெட்போன் வேண்டுமா?

மொபைலின் சின்ன ஸ்பீக்கரில் கேட்க வேண்டாம். பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. கட்டைவிரல் நகம் அளவுள்ள ஸ்பீக்கரால் அதை எழுப்ப முடியாது. இசையின் அடித்தளமே உங்களுக்குக் கேட்காமல் போகும். விலை உயர்ந்தது தேவையில்லை. காதில் சரியாகப் பொருந்தும் சாதாரண வயர் இயர்போன் போதும். ஒரு பாட்டும் அடுத்ததும் ஒன்றன்மேல் ஒன்று கலந்து ஓடும் வசதியையும் வரிசையைக் கலைத்துப்போடும் வசதியையும் செயலியில் அணைத்துவிடுங்கள்.

எங்கள் தெருவில் அமைதி ஏது? மெல்லிய பகுதி வரும்போதெல்லாம் லாரி ஹாரன்தான் கேட்கிறது.

எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டி வசிக்கும் ஒரு பெண் கேட்டது. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் அங்கே இரவிலும் நிற்பதில்லை. சத்தத்தை வெல்லச் சத்தத்தைக் கூட்டாதீர்கள் என்பதுதான் முதலில் சொல்ல வேண்டியது. 85 டெசிபல் அளவில் எட்டு மணி நேரம் கேட்பதுதான் எல்லை என்று அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது. 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான். மின்சார ரயிலில் கும்மிடிப்பூண்டிவரை போகிறவர்கள் சக்கரச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று ஒலியை ஏற்றினால் இந்த எல்லையைத் தெரியாமலே தாண்டிவிடுவார்கள். மெல்லிய பகுதிக்காக ஏற்றிய ஒலியில் பெரிய பகுதி வந்து மோதும் என்பதால் இந்த இசையில் ஆபத்து கூடுதல்.

காதை நன்றாக அடைக்கும் ரப்பர் முனை கொண்ட இயர்போன் வெளிச்சத்தத்தைக் கணிசமாகக் குறைக்கும். அதுவும் போதாது என்றால், நல்ல மழை நாளில் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கேளுங்கள். மழையின் சீரான ஓசையைக் காது சீக்கிரம் ஒதுக்கிவிடும், ஹாரனை ஒதுக்காது. அந்தப் பெண் இப்போது மழைக்காகக் காத்திருப்பதாகச் சொல்கிறார்.

எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கிறது? மெதுவாக ஆரம்பித்து, மெல்ல ஏறி, கடைசியில் எல்லாரும் சேர்ந்து ஓங்கி அடித்து முடிக்கிறார்கள்.

நியாயமான குற்றச்சாட்டு. இதை மறைத்துப் பேசினால் இந்த இசைக்கு நான் துரோகம் செய்தவளாவேன். 2000க்குப் பின் வந்த ஏராளமான குழுக்கள் முன்னோர்களிடமிருந்து அந்த ஏற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டன. தனியாக மணி மணியாய் ஒரு கிட்டார், இரண்டாம் நிமிடத்தில் டிரம்ஸ், ஐந்தாம் நிமிடத்தில் வேகமாகத் தந்தியை உரசும் மூன்று கிட்டார்கள், ஏழாம் நிமிடத்தில் இடி. பாட்டுக்குப் பாட்டு இதுவே. முதல் நிமிடத்திலேயே முடிவு தெரிந்துவிட்டால் பிறகு நேரத்துக்கு என்ன வேலை?

முன்னோடிகளைக் கவனித்துக் கேளுங்கள். மொக்வாயின் முதல் ஆல்பத்தின் கடைசிப் பாட்டு பதினாறு நிமிடம். அதில் பெரும் சத்தம் சீக்கிரமே வந்துவிடும். பிறகு அது அடங்கி, டிரம்ஸ் மட்டும் விடாமல் உருள, அதன்மேல் ஒரு புல்லாங்குழல் மிதக்கும். அதற்கப்புறம் சத்தம் மறுபடி திரும்பும்போது அது முன்பு கேட்ட சத்தமாக இருக்காது. டார்ட்டஸின் 1996 ஆல்பத்தின் முதல் பாட்டும் இருபது நிமிடம்தான். அதில் ஏற்றமே இல்லை. பேஸ், வைப்ரஃபோன் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிப்பது), ஆர்கன் என்று ஓசையின் நிறம் மாறிக்கொண்டே போகும். நடுவில் ஒலிநாடா சிக்கிக்கொண்டதுபோல எல்லாம் உடையும். எங்கள் ஸ்பீக்கர்தான் கெட்டுவிட்டது என்று எழுந்துபோய் வயரை ஆட்டிப் பார்த்தவர்கள் உண்டு. டாக் டாக்கின் 1991 ஆல்பம் கிட்டாரின் ஒலிபெருக்கியான ஆம்பின் மெல்லிய இரைச்சலோடு தொடங்கும். வாசிக்கப்போகும் கிட்டாரின் அறை முதலில் கேட்கிறது, கிட்டார் பிறகுதான் வருகிறது.

ஒரு சோதனை சொல்கிறேன். பாட்டு ஏறும் இடத்தில் ஒலியைப் பாதியாகக் குறைத்துவிட்டுக் கேளுங்கள். அப்போதும் உள்ளே ஏதோ நடந்துகொண்டிருந்தால், அதாவது பேஸ் இடம் மாறினால், தாளம் வேறு கணக்குக்குப் போனால், ஒரு கிட்டார் விலகி இன்னொன்றுக்கு வழிவிட்டால், அது நல்ல பாட்டு. சத்தத்தோடு சேர்ந்து எல்லாமே வற்றிவிட்டால் அங்கே சத்தம் மட்டும்தான் இருந்தது.

இது சோக இசையா?

இல்லை. வார்த்தை இல்லாததால் கேட்பவர் தம் மனநிலையை அதில் ஏற்றிவிடுகிறார். டார்ட்டஸைக் கேட்டு யாரும் அழுததை நான் பார்த்ததில்லை.

சினிமாவின் பின்னணி இசைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சினிமாவில் காட்சியின் நீளம்தான் இசையின் நீளத்தை முடிவுசெய்கிறது. வசனம் வந்தால் இசை ஒதுங்க வேண்டும். போஸ்ட்-ராக்கில் இசைக்கு வேறு எஜமானர் இல்லை. இருபது நிமிடம் வேண்டுமென்றால் இருபது நிமிடம் எடுத்துக்கொள்கிறது.

இந்தக் குழுக்களைச் சினிமாக்காரர்கள் விரும்பி அழைத்ததும் உண்மை. எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் தி ஸ்கை 2004இல் டெக்சஸ் பள்ளியொன்றின் அமெரிக்கக் கால்பந்து (நம் கால்பந்து அல்ல, ரக்பி போன்ற ஆட்டம்) பற்றிய படம் ஒன்றுக்கு இசையமைத்தது. மொக்வாய் 2006இல் கால்பந்து வீரர் ஜிதான் பற்றிய ஆவணப்படத்துக்கு வாசித்தது. ஒரே ஆட்டம் முழுவதும் ஒரே வீரரைப் பின்தொடரும் படம் அது. வியாசர்பாடிக் கால்பந்துப் பிள்ளைகளை இந்த இசைக்குள் இழுக்க எனக்கு இதைவிட நல்ல வழி கிடைக்கவில்லை.

ராக ஆலாபனையும் வார்த்தை இல்லாமல்தானே போகிறது? அப்படியானால் இதில் புதிதாக என்ன?

வார்த்தையில்லாமல் நீண்ட நேரம் கேட்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது என்பது சரி. சுவாமி புறப்பாட்டில் நாதஸ்வரக்காரர்கள் வாசிக்கும் மல்லாரிக்கும் சாகித்தியம் கிடையாது. ஆனால் ஆலாபனை அந்தக் கணத்தில் ஒருவருடைய கற்பனையில் பிறக்கிறது. ராகத்தின் இலக்கணம் அவரை வழிநடத்துகிறது. போஸ்ட்-ராக்கில் பெரும்பகுதி முன்பே அமைத்து ஒத்திகை பார்த்தது, பலர் சேர்ந்து அடுக்கடுக்காகக் கட்டுவது. ஸ்வரங்கள் மிகக் குறைவு. நான்கு ஸ்வரத்தில் பத்து நிமிடம் ஓட்டிவிடுவார்கள். ஆலாபனையில் கமகத்தில் நடக்கும் நுட்பம் இங்கே ஓசையின் நிறத்தில் நடக்கிறது. ஒன்றைக் கொண்டு மற்றதை அளக்க முயன்றால் இரண்டுமே நழுவிவிடும்.

எங்கள் சபையில் ஜெப நேரத்தில் கீபோர்டும் கிட்டாரும் வாசிப்பது இதேபோல்தான் இருக்கிறது. இதுவும் ஆராதனை இசையா?

கேட்டவர் சபையில் கீபோர்டு வாசிக்கும் தம்பி, காது கூர்மையானது. இன்றைய ஆராதனைப் பாடல்களின் எதிரொலிக் கிட்டார், பின்னால் நீண்டு ஒலிக்கும் கீபோர்டு, மெல்ல எழுந்து உச்சிக்குப் போகும் அமைப்பு ஆகியவை 1980களின் ஐரிஷ் குழு யூ-டூவின் கிட்டார் பாணியிலிருந்தும் இந்த இசையிலிருந்தும் எடுத்துக்கொண்டவை. கருவிகள் ஒன்றே, நோக்கம் வேறு. அங்கே சபையார் சேர்ந்து பாட வேண்டும் என்பதால் ஏற்றம் எங்கே வரும் என்று எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தம்பிக்குக் கருவிகளும் கைப்பழக்கமும் ஏற்கெனவே இருக்கின்றன. எங்களில் மற்ற எல்லாரையும்விட அவர்தான் சீக்கிரம் வாசிக்கத் தொடங்குவார்.

அண்ணா நகர், அடையாறு பிள்ளைகள் கேட்கும் இசைதானே இது? நமக்கு எதற்கு?

காட்ஸ்பீட் குழு உருவான மாண்ட்ரியல் பகுதி, ரயில் தண்டவாளத்தை ஒட்டி வாடகை குறைவான பழைய தொழிற்கூடங்கள் இருந்த இடம். 1997இல் வந்த அவர்களது முதல் இசைத்தட்டின் உறையைக் கையாலேயே ஒட்டினார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ரயில் சக்கரம் ஏறித் தட்டையான ஒரு காசை வைத்தார்கள். இதைச் சொன்னதும் பேசின் பிரிட்ஜ் பக்கத்துப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அந்தக் காசு எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மொக்வாய் கிளாஸ்கோ இளைஞர்கள். கப்பல் கட்டும் தொழிலால் வளர்ந்து, அது நலிந்தபின் திணறிய ஊர். எந்த இசை யாருக்குச் சொந்தம் என்று டிக்கெட் விலையை வைத்து முடிவுசெய்ய வேண்டாம்.

கானா பிறந்த மண் இது. வார்த்தைதான் கானாவின் உயிர். வார்த்தையே இல்லாத இசையால் என்ன சொல்லிவிட முடியும்?

இந்தக் கேள்வியில்தான் எங்கள் அறையில் அதிக நேரம் போகிறது. கானா சொல்வதை போஸ்ட்-ராக் சொல்லாது. இறந்தவரின் பெயரையும் குணத்தையும் பாட்டில் வைத்து, விடியும்வரை அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து பாடும் மரண கானாவுக்கு ஈடாக ஒரு கிட்டாரையும் வைக்க முடியாது. அதற்கு முயலவும் வேண்டாம். கானாவையும் ராக்கையும் சேர்க்கும் வேலையை 2018இல் மேடையேறிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு வார்த்தையின் வழியாகவே செய்தது.

போஸ்ட்-ராக் நம் மண்ணோடு வேறு இடத்தில் தொட்டுக்கொள்கிறது. பறை வாசிப்பவர் அடிக்கத் தொடங்குமுன் என்ன செய்கிறார் என்று பார்த்திருக்கிறீர்களா? காகிதமும் வைக்கோலும் போட்டு நெருப்பு மூட்டி, தோலைக் காட்டிக் காய்ச்சுகிறார். சுண்டிப் பார்க்கிறார், மறுபடி காய்ச்சுகிறார். தோல் இறுகி, தாம் தேடும் ஓசை வந்தபிறகுதான் தோளில் மாட்டுகிறார். ஒரு கையில் நீண்ட மெல்லிய குச்சி, மறுகையில் குட்டையான தடித்த குச்சி. இரண்டுக்கும் இரண்டு ஓசை. அந்தக் கலைஞரின் கவலை முழுக்க முழுக்க ஓசையின் நிறம். முதல் பதிலில் நான் சொன்னது இதைத்தான், இங்கிலாந்து விமர்சகர் யாரும் எழுதுவதற்கு முன்பே இந்தத் தெருக்களில் இருந்தது.

அதற்காகப் பறையின் நான்கு தட்டுகளைப் பதிவுசெய்து, கணினியில் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, மேலே கிட்டார் பூசுவதை நான் ஏற்கவில்லை. அது வெறும் அலங்காரம். வாசிப்பவரை முதல் ஒத்திகையிலிருந்தே குழுவில் சேருங்கள், பாட்டு எங்கே போக வேண்டும் என்று அவரையும் கேளுங்கள், ஊதியத்தில் சம பங்கு கொடுங்கள்.

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஆரம்பிக்க நினைக்கிறோம். எதை வாங்க வேண்டும்?

ஒரு டிலே பெடல், பெரிய மண்டபத்தில் வாசிப்பதுபோல ஓசையை நீட்டும் ஒரு ரிவர்ப் பெடல். பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. டிலே என்பது நீங்கள் வாசித்ததைச் சற்றுப் பொறுத்துத் திருப்பித் தருவது. நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் ஒரு தட்டுக்கு 500 மில்லிவிநாடி. பெடலை 375இல் வைத்தால் எதிரொலி தட்டுகளுக்கு நடுவே வந்து விழும். ஒருவர் வாசிப்பது இருவர் வாசிப்பதுபோல் ஓடும். டிரம்மர் வேகம் மாறினால் எல்லாம் குழம்பும், அதனால் முதலில் சீராகத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமோடு பழகுங்கள். கிட்டாரில் செலோ வில்லை வைத்து இழுக்கும் யோன்சியின் முறையையும் முயன்று பாருங்கள். வில்லுக்கு ரோசின் என்ற பிசினை நன்றாகப் பூச வேண்டும். வயலினைப்போல வளைந்த பாலம் கிட்டாரில் இல்லாததால் நடுத் தந்தியைத் தனியாகத் தொடுவது கடினம், பல தந்திகள் சேர்ந்தே ஒலிக்கும்.

ரிச்சி தெருவில் அடாப்டர் வாங்கும்போது கவனம் தேவை. கிட்டார் பெடல்களில் பெரும்பாலானவை 9 வோல்ட், முனையின் நடுவில் மைனஸ். கடையில் எளிதாகக் கிடைக்கும் அடாப்டர்களில் நடுவில் பிளஸ் இருக்கும். வோல்ட் சரியாக இருக்கிறதே என்று செருகினால் பெடல் பழுதாகலாம். இரண்டின் மேலும் போட்டிருக்கும் வட்டக் குறியை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

நான் டிரம்ஸ் வாசிப்பவன். பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டுமே?

கல்யாண, சாவு ஊர்வலங்களில் பேண்டு செட்டோடு வாசிக்கும் ஒருவர் கேட்டது. சும்மா இருப்பதில்லை தம்பி, எப்போது நுழைவது என்பதை நீங்கள்தான் முடிவுசெய்கிறீர்கள். இருபது நிமிடக் கேள்விக்கான பதிலில் சொன்ன காதுப் பழக்கம் முழுவதும் உங்கள் கையில் இருக்கிறது. பஞ்சு முனைக் குச்சியால் சிம்பலை மெல்ல உருட்டி எழுப்புவதைப் பழகுங்கள். தொடக்கமே தெரியாமல் ஓசை வளர வேண்டும். காட்ஸ்பீடில் இரண்டு டிரம்மர்கள், டார்ட்டஸில் மூன்று பேர் மாறி மாறித் தாளம் வாசிக்கிறார்கள். இந்த இசையில் டிரம்மருக்கு வேலை குறைவு என்று அவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள்.

இந்தியாவில் யாராவது இதை வாசிக்கிறார்களா?

வாசிக்கிறார்கள். குஜராத்தில் தோன்றிய அஸ்வீகீப்சர்ச்சிங் குழு ஹிந்திக் குரலையும் சேர்த்து வாசிக்கிறது. பெங்களூரின் அன்டில் வி லாஸ்ட் குழு குரலில்லாமல் வாசிக்கிறது. இரண்டையும் கேளுங்கள்.

காலம் முடிந்துபோன இசைதானே? எல்லாரும் 1990களையே சொல்கிறீர்கள்.

2021 பிப்ரவரியில் மொக்வாயின் ஆல்பம் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் இந்த வகை இசைக்கென்றே விழாக்கள் நடக்கின்றன. சீனாவின் டாலியன் துறைமுக நகரத்திலிருந்து வாங் வென் என்ற குழு வருகிறது. அவர்களைத் தேடிக் கேளுங்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அதில் ஏதோ ஒன்று கிடைக்கும் என்று நம்புகிறேன்.

எண்ணூரைப் பற்றி ஒரு பாட்டு செய்ய வேண்டும் அக்கா. வார்த்தை இல்லாமல் அரசியலை எப்படிச் சொல்வது?

காட்ஸ்பீடிடம் கற்கலாம். 2002இல் வந்த ஆல்பத்தின் பின்னுறையில், பெரிய இசை நிறுவனங்களுக்கும் ஆயுதத் தொழிலுக்கும் உள்ள தொடர்பை ஒரு வரைபடமாக அச்சிட்டார்கள். 2013இல் கனடாவின் பொலாரிஸ் பரிசு கிடைத்தபோது, அந்தப் பணத்தைச் சிறைக்கைதிகளுக்கு இசைக்கருவி வாங்கப் பயன்படுத்துவதாக அறிவித்தார்கள். 2024இல் வெளியிட்ட ஆல்பத்துக்குத் தலைப்பு வைக்காமல், அந்த ஆண்டு பிப்ரவரி 13ஆம் தேதியையும் அன்றுவரை காஸாவில் இறந்தவர்களின் எண்ணிக்கையையும் பெயராகப் போட்டார்கள். பாடிய வரி எதுவும் இல்லை. எதைப் பற்றியது என்ற சந்தேகமும் யாருக்கும் இல்லை. மேடையில் தங்கள்மேல் வெளிச்சம் விழாமல், பின்னால் 16 மில்லிமீட்டர் படச்சுருள்களை ஓட்டுவார்கள்.

எண்ணூருக்கு வருவோம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி வலைகளும் படகுகளும் கறுத்ததை நீங்கள் நேரில் பார்த்தவர்கள். சோக மெட்டு ஒன்றை வாசித்து அதற்கு எண்ணூர் என்று பெயரிட்டால் அது எந்த ஊருக்கும் பொருந்தும். பதிவுக் கருவியோடு அங்கே போங்கள். படகு எஞ்சின், அனல்மின் நிலையத்தின் விடாத இரைச்சல், கழிமுகத்தில் தண்ணீருக்குள் கையால் இறால் தடவுபவர்களின் பேச்சு. அந்த இரைச்சல் எந்த ஸ்வரத்தில் நிற்கிறது என்று கண்டுபிடித்து, கிட்டாரை அதற்குச் சுருதி சேருங்கள். அப்போது ஊரே பாட்டின் சுருதியாகிவிடும். பேசுபவர்களிடம் எதற்கு என்று சொல்லி அனுமதி வாங்கிய பிறகு பதிவுசெய்யுங்கள். முடிந்ததும் முதலில் அவர்களுக்கே போட்டுக் காட்டுங்கள்.

பாட்டுக்குத் தமிழில் பெயர் வைத்தால் வெளிநாட்டார் கேட்பார்களா?

சிகுர் ரோஸின் பெயர்கள் ஐஸ்லாந்து மொழியில் இருக்கின்றன. நான் இரண்டாவது பதிலில் சொன்ன அவர்களது 2002 ஆல்பத்துக்கும் அதன் எட்டுப் பாட்டுகளுக்கும் பெயரே இல்லை. அட்டையில் இரண்டு அடைப்புக்குறிகள் மட்டும். அதையும் உலகம் கேட்டது. காட்ஸ்பீட் தங்கள் முதல் ஆல்பத்தில் ஒரு பாட்டுக்கு ஈஸ்ட் ஹேஸ்டிங்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அது வான்கூவரில் ஏழைகள் வாழும் ஒரு தெரு. அந்தத் தெருவை நான் அந்தப் பாட்டால்தான் தெரிந்துகொண்டேன். கொருக்குப்பேட்டை என்று பெயர் வைக்க விரும்பினால் வையுங்கள். பெயரைத் தமிழ் எழுத்தில் போட்டு, தேடுபவர்களுக்கு வசதியாக ஆங்கில எழுத்திலும் கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.